தபசு காலத்தில் ஒரு வேட்டை நாய்

ஜனவரி முடிந்ததும் சிசிலியின் பறவை வேட்டைக்காரர்கள் துவக்கைத் துடைத்து அலுமாரிக்குள் பூட்டிவிடுவார்கள். செப்டெம்பர் வரும்வரை அவர்களுக்கு ஓய்வு. பறவைகளுக்கும் ஓய்வு. நாய்க்கு மட்டும் இல்லை. சும்மா படுத்திருந்தால் அது கொழுத்துவிடும், படித்ததையும் மறந்துவிடும். அதனால் அதை நடத்த, ஓட்ட, நீந்தவைக்க, உண்ணி பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வேட்டைக்காரனாக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மன்னாரில் பிறந்து, பலேர்மோவில் வீடு துடைத்து, ஐம்பது தாண்டியும் ஒரு கோழியின் கழுத்தைத் திருகத் தைரியம் வராத ஒருவனாகவும் இருக்கலாம். அதற்கு நானே சாட்சி.

நான் வேலை செய்கிற மூன்று வீடுகளில் முதல் வீட்டுச் சிஞ்ஞோரே, அதாவது ஐயா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மிலானோவில். கடவுள் இல்லை என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. கோயில் மணி அடித்தால் எழுந்துபோய் யன்னலைச் சாத்துவார். அவர் நம்பியது ஒரே ஒரு ஜீவனைத்தான். வெள்ளை உடம்பில் யாரோ மை தெளித்துவிட்டதுபோலக் கறுப்புப் புள்ளிகள் போட்ட ஒரு பெட்டை நாய். மேசைவிரிப்பு என்றால் இதற்குள் ஊறப்போட்டிருப்பேன்.

அந்த இன நாயின் தொழில் என்னவென்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். புல்லுக்குள் பறவை இருப்பது மணத்தால் தெரிந்தவுடன் நாய் அப்படியே சிலையாக வேண்டும். ஒரு முன்னங்கால் தூக்கியபடி, வால் நீட்டியபடி. வேட்டைக்காரன் பக்கத்தில் வந்து, "போ" என்று சொன்ன பிறகுதான் உள்ளே பாயலாம். பறவை எழும்பும், அவர் சுடுவார்.

இந்த நாய் சிலையாகும். பிறகு மெல்லத் திரும்பிப் பார்க்கும். தூரத்தில் ஒரு கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருவது தெரியும். இந்த மனிதர் வந்துசேர்வதற்குள் விடிந்துவிடும் என்று அதுவே ஒரு கணக்குப் போட்டுப் பாய்ந்துவிடும். பறவை போய்விடும். அந்த வருடத்துப் பருவம் முழுக்க நான் அவருக்குக் கோழிதான் சமைத்தேன்.

பெப்ரவரியில் அவருடைய முழங்கால் சத்திரசிகிச்சைக்காக மகள் வந்தாள். சமையலறையில் நின்று, என் முன்னாலேயே சொன்னாள்:

"அப்பா, செப்டெம்பருக்குள் இந்த நாய் நிற்கப் பழகாவிட்டால் மலைப்பக்கம் எனக்குத் தெரிந்தவர்களின் பண்ணைக்கு அனுப்பிவிடுவேன். இது கிழவர்களுக்கான நாய் இல்லை. அதற்குப் பின்னால் ஓடி ஒருநாள் விழப்போகிறீர்கள்."

சிஞ்ஞோரே என்னைப் பார்த்தார். நான் வாளியைப் பார்த்தேன். வாளிக்கு என்ன தெரியும்? மறுபடி நிமிர்ந்தபோதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழும்பி உடுப்புப் போடுவதற்கு அந்த மனிதருக்கு இருந்த ஒரே காரணம் அந்த நாய். அது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

"சரி," என்றேன். என் வாழ்க்கையின் களைப்பெல்லாம் இந்தச் சொல்லில்தான் தொடங்கியிருக்கிறது.

சத்திரசிகிச்சை முடிந்து கால் தேறும்வரை அவர் ஒரு பராமரிப்பு நிலையத்தில் இருக்கவேண்டும். நாய் என் வீட்டுக்கு. கூடவே ஒரு ஐஸ்கிறீம் டப்பாவும் தந்தார். உள்ளே இறகோடு உறைந்த காடைகள். ஒன்றை எடுத்து இளகவைத்து, புல்லுக்குள் ஒளித்து, நாய் மணம் பிடித்து நின்றதும் நில் என்பதற்கு "ஃபெர்மா" என்று சொல்லி நீளக் கயிற்றால் பிடித்து நிறுத்தவேண்டும். முடிந்ததும் காடையைத் திரும்பவும் உறையப்போட வேண்டும். கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது!

அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கதவைத் திறந்த மனைவி முதலில் நாயைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இதென்ன?"

"சிஞ்ஞோரேயின்ரை நாய். கொஞ்ச நாளைக்கு."

"என்ன தின்னும்?"

"இறைச்சிதான் கூட..."

"இஞ்சருங்கோ, தபசு காலம் துடங்கியாச்சு. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நாற்பது நாளும் இந்த வீட்டுக்கை இறைச்சி காய்ச்சேலாது. நாயெண்டாலும் சரி, பாப்பரசரெண்டாலும் சரி."

"அது ஞானஸ்நானம் எடுக்கேல்லையப்பா."

"எடுக்காட்டி என்ன? எங்கட வீட்டிலைதானே தின்னப்போகுது."

அப்படியாக ஒரு நாத்திகரின் வேட்டை நாய் சோறும் பருப்பும் தின்று தபசு காலம் அனுசரிக்கத் தொடங்கியது.

வேலைக்குப் போகமுன் விடியற்காலையில் அதைக் கடற்கரைப் புல்வெளிக்குக் கொண்டுபோவேன். மூன்றாம் வீடு முடிந்து, கால் இரண்டும் யாரோ வேறொருவருடையவை என்று தோன்றுகிற நேரத்தில் மறுபடி கொண்டுபோவேன். காடையை ஒளிப்பேன். நாய் மணம் பிடிக்கும், நிற்கும், திரும்பி என்னைப் பார்க்கும், கணக்குப் போடும், பாயும். கயிற்றின் மறுமுனையில் நானும் பாய்வேன், விருப்பத்தோடு அல்ல. "ஃபெர்மா! ஃபெர்மா!" என்று நான் கத்துவதைக் கேட்டுப் பாதையில் போகிற கார்கள் நின்றிருக்கின்றன. நாய் நின்றதில்லை.

புல்வெளி வாங்கில் தினமும் குந்தியிருக்கும் ஒரு கிழவர் ஒருநாள் கேட்டார்: "உங்கள் இரண்டு பேரில் யார் பழக்குகிறவர்?"

வரும் வழியில் பல்லாரோ சந்தை. குடல் அவிக்கிறவர் ஒரு துண்டு எறிவார், தொத்திறைச்சிக்காரி ஒரு துண்டு. பருப்புச் சோறு தின்கிற நாய் நாளுக்கு நாள் கொழுத்தது. மனைவி என் சட்டையை மோந்து பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. வெளியாலை இறைச்சி குடுக்கிறியளோ? நீங்களும் தின்னுறியளோ?"

"எனக்கு ஆரடி எறியப்போகினம்?" என்றேன். சொல்லும்போதே ஒரு ஏக்கம் வந்துவிட்டது. அதற்காகத்தான் அன்றைக்கு முறைப்பு வாங்கினேன்.

தபசு காலத்தில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை. நாய்க்கும் தட்டு வைத்தாகிவிடும், ஆனால் ஒருவரும் தொடக்கூடாது. முதல்நாள் நாய் தட்டில் வாய் வைக்கப் போனது. மனைவி விரலை நீட்டினாள்.

"செபம் முடியட்டும்."

நாய் குந்தியது. செபமாலையில் ஆமென்களுக்கா பஞ்சம்? ஒவ்வோர் ஆமெனுக்கும் எழும்பியது. ஒவ்வொரு தடவையும் விரலால் இருத்தினாள். எல்லாம் முடிந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுச் சொல்கிற கடைசி ஆமெனுக்குத்தான் சாப்பாடு என்று ஒரு கிழமைக்குள் அது பிடித்துக்கொண்டது. அதுவரைக்கும் தட்டுக்கு முன்னால் அசையாமல், வாயால் நீர் வடிய நிற்கும். நானோ செபமாலையின் ஐந்து காரணிக்கத்தில் மூன்றாவதிலேயே நித்திரையாகிவிடுவேன்.

"நாயைப் பாருங்கோ, எவ்வளவு பக்தியா நிக்குது," என்று விலாவில் இடிப்பாள். நாயைப் பார்த்துத் திருந்தச் சொல்லி எனக்கு அறிவுரை வந்த காலம் அது.

உயிர்த்த ஞாயிறு வந்தது. காலை ஒரு வீட்டில் விருந்துப் பாத்திரங்கள் கழுவிவிட்டு நான் வரும்போது பங்குக் கோயில் ஆட்கள் எங்கள் மேசையில் இருந்தார்கள். நடுவில் கறி. மிளகும் பெருஞ்சீரகமும் மணக்க, தேங்காய்ப்பால் வற்றிய பிரட்டல். நாற்பது நாள் பருப்புக்குப் பிறகு மனிதன் விசாரணை நடத்துவானா? இருந்தேன், தின்றேன். இரண்டாவது காலைச் சப்பும்போதுதான் கால் மிகச் சின்னதாக இருப்பதைக் கவனித்தேன்.

"இதென்ன கோழியப்பா?"

"கோழியோ? சிஞ்ஞோரே பாஸ்குவுக்குத் தந்துவிட்ட காடையெல்லோ! டப்பாவுக்கை வச்சிட்டு ஒரு வார்த்தை சொன்னியளே? நல்ல காலம் நான் கண்டது. இறகு பிடுங்கி என்ரை நகமெல்லாம் தேஞ்சுபோச்சு."

எங்கள் வீடுகளில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீம் இருந்ததாகச் சரித்திரமில்லை. மீன் இருக்கும், இறைச்சி இருக்கும், கறிவேப்பிலை இருக்கும். காடை இருந்தால் அது கறிக்குத்தான். அவளில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் காடைகள் எத்தனை தடவை உருகி உறைந்தவை, யாருடைய வாய்க்குள் இருந்து வந்தவை என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாயும் அறிந்திருந்தது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பங்குக் கோயில் ஆட்கள் எலும்பைக்கூட விடவில்லை. உயிர்த்த நாள் அல்லவா, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின்னேரமே சிஞ்ஞோரேக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"மிளகு போட்டாளா?" என்று கேட்டார்.

"போட்டாள், சிஞ்ஞோரே."

"காடைக்கு மிளகு நல்லதுதான்." பெருமூச்சு விட்டார். "மணம் இருக்கிற எதையாவது வைத்துப் பழக்கு. நாய்க்கு மூக்கு மறக்கக்கூடாது."

மணம் என்றால் எங்களிடம் இல்லாத மணமா? ஒரு பழைய காலுறைக்குள் கருவாட்டுத் துண்டை வைத்துக் கட்டினேன். ஒளித்த இடமெல்லாம் நாய் அம்புமாதிரிப் போய்க் கண்டுபிடித்தது. கண்டுபிடித்து, என்னைப் பார்த்து, பாய்ந்தது. மே மாதம் வந்தது. காய்ந்த புல்லின் முள் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் ஏறும் என்பதால் ஒவ்வொரு இரவும் அதன் நாலு பாதத்தையும் மடியில் வைத்துக் கிண்டினேன். என் பாதங்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. சிஞ்ஞோரே ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தார்; நாயை இழுத்துப் பிடிக்க முடியாது என்பதால் அது எங்களிடமே நின்றது. தபசு காலம் முடிந்தும் மனைவி செபமாலையை விடவில்லை. இனி விட்டால் நாய் குழம்பிவிடும் என்றாள். ஜூலையில் கடலில் நீந்தவைத்தேன். மன்னார்க்காரன் கடலில் களைத்துப்போனதை அன்றைக்குத்தான் கடலும் கண்டது.

ஆகஸ்ட் முடிவில், விடுமுறைக்கு வந்த மகள் தன் காரில் எங்களைச் சியாகுல்லிக்கு ஏற்றிப்போனாள். சிஞ்ஞோரேயின் நண்பர் ஒருவருக்கு அங்கே மண்டரின் தோட்டம். சோதனைக்கென்று நண்பர் ஓர் உயிருள்ள காடையைக் கொண்டுவந்து வைத்திருந்தார். வரும் வழியெல்லாம் சிஞ்ஞோரே ஊன்றுகோலின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

காடையை ஒரு மர வரிசையில் புல்லுக்குள் ஒளித்தார்கள். நாயை அவிழ்த்தேன். அது மூக்கைத் தூக்கியது, காடை இருந்த வரிசையைத் திரும்பியும் பாராமல் கடந்தது, மூன்று வரிசை தள்ளி ஒரு மரத்தடியில் சிலையாகி நின்றது. கால் தூக்கியபடி, வால் நீட்டியபடி. அப்படி ஓர் அழகான நிலையை நான் கண்டதில்லை. அதற்கு முன்னால் தோட்ட வேலை செய்கிற எங்கட தமிழ்ப் பொடியர் இரண்டு பேர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"அண்ணை!" என்று ஒருவன் கூப்பிட்டான். "உங்கட நாய் என்ன, எங்கட கருவாட்டுக் குழம்பைக் கும்பிடுதே?"

"மூடடா அந்தப் பெட்டியை!" என்றேன்.

"ஏன் அண்ணை, ஒரு கை குடுக்கட்டே? பாவம், கண் கலங்கிப்போய் நிக்குது."

மகள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "போதும் அப்பா. மீன் பிடிக்கிற நாய். நாளைக்கே பண்ணைக்குச் சொல்கிறேன்."

"இன்னும் ஒரு தடவை," என்றார் சிஞ்ஞோரே. குரல் சின்னதாக இருந்தது. ஒரு வகுப்பையே அதட்டிய குரல்.

பொடியர் பெட்டியை மூடிக்கொண்டு தூரமாகப் போனார்கள். நாயைப் பிடித்துவந்து மறுபடி அவிழ்த்தேன். இம்முறை அது காடை வரிசையில் நின்றது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து நல்ல தூரம். சிஞ்ஞோரே புறப்பட்டார். கிண்டிய மண், புரள்கிற கல். ஒரு அடி, ஊன்றுகோல், ஒரு அடி. மகள் தாங்கப் போனாள், கையைத் தட்டிவிட்டார். நாய் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணக்கு இப்போது நடக்கிறது என்று நினைத்தேன். அந்தக் கிழவர் தோற்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாய் திரும்பவும் புல்லைப் பார்த்தது. நின்றது. வாயால் நீர் வடிந்தது. அவர் பாதி வழியில் மூச்சு வாங்க நின்றார், அதுவும் நின்றது. அவர் போய்ச்சேர்ந்து அதன் முதுகில் கைவைத்தபோதும் அசையவில்லை. கயிற்றால் நான் ஆறு மாதம் இழுத்தும் வராத பொறுமை, என் மனைவி விரல் நீட்டி வைத்த தட்டுக்கு முன்னால் வந்திருக்கிறது.

"போ," என்றார் சிஞ்ஞோரே. போகவில்லை. "போ!" என்று கத்தினார். செருப்பால் மண்ணைத் தட்டினார். சிலை.

"இதற்கு என்ன நடந்தது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் கிட்டப் போய், மெதுவாக விளங்கப்படுத்தினேன். சிலுவை போடவேண்டும், ஆமென் சொல்லவேண்டும் என்று.

அவர் முகம் சிவந்தது. "என் கலியாணத்தையே நகரசபை மண்டபத்தில்தான் முடித்தேன். ஒரு காடைக்காகவா இப்போது சிலுவை போடப்போகிறேன்?"

"அப்பா, சொன்னால் என்ன?" என்றாள் மகள். அவள் கண்ணில் நீர் இருந்தது. சிரிப்பா, அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை.

"முடியாது. அவன் சொல்லட்டும்."

நான் சிலுவை போட்டு, "ஆமென்" என்றேன். நாய் பாய்ந்தது. காடை விர்ரென்று எழும்பி மண்டரின் மரங்களுக்கு மேலால் போய் மறைந்தது. சிஞ்ஞோரே ஊன்றுகோலைத் துவக்குப்போலத் தோளில் வைத்து அது போன திசைக்கு நீட்டிப் பிடித்தார். கீழே இறக்க அவருக்கு மனமே இல்லை.

திரும்பி வரும்போது பின் ஆசனத்தில் நாய் என் மடியில் தலைவைத்து நித்திரை. முன்னால் சிஞ்ஞோரேயும் வாய் திறந்து நித்திரை. மகள் குழிகளைத் தவிர்த்து மெதுவாக ஓட்டினாள்.

"நாய் இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "ஆனால் அப்பாவைத் தனியே காட்டுக்கு விடமாட்டேன். அவர் அந்தச் சொல்லைச் சொல்லவும் மாட்டார்." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஞாயிறுகளில் நீங்கள் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்?"

ஞாயிறு ஒன்றுதான் நான் எழும்பாத நாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் கிழவர் நித்திரையிலும் ஊன்றுகோலை மடியில் குறுக்காக, துவக்குப்போலப் பிடித்திருந்தார்.

"விடியவே எழும்பிவிடுவேன், சிஞ்ஞோரா," என்றேன்.

"நல்லது. உங்களுக்கு ஒரு வேட்டைச் சப்பாத்து வாங்கவேண்டும். கால் அளவு என்ன?"

நாயை எழுப்பாமல் குனிந்து என் காலைப் பார்த்தேன். வீங்கியிருந்தது.

"பின்னேரத்து அளவோ, காலமை அளவோ?" என்று கேட்டேன்.