அப்பாவின் பெட்டிக்கு ஒரு வரைபடம்

அப்பா கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போதே, தன் சவப்பெட்டியை எந்தப் பொருளில் செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். நான் தூத்துக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில், எந்த வேலைக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் பாடத்தை நடத்துகிறேன். அப்பா ஒரு கெமிக்கல் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சு என்பது அபூர்வம்.

அவர் கவலையிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரான நாசரேத்தில், வீட்டுத் தெருவிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை பெட்டியைத் தோளில்தான் கொண்டுபோவார்கள். ஆண்கள் தூக்குவார்கள், பெண்கள் நாங்கள் பின்னால் பாடிக்கொண்டு நடப்போம். அண்ணன்கள் இருவரும் வெளிநாட்டில். அப்பாவின் சேக்காளிகளில் ஒருவருக்கு மூட்டு மாற்றியாயிற்று, இன்னொருவர் இடுப்பு பெல்ட் கட்டாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார். ஆம்புலன்ஸ் இருக்கிறதே என்றேன். அது உயிரோடு இருப்பவர்களுக்கு என்றார். ஆகவே பெட்டியின் எடை குறைய வேண்டும், நடுவில் வளையவும் கூடாது.

நான் வகுப்பில் காட்டும் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஸ்கேலோடு உட்கார்ந்துவிட்டார். உலகத்துப் பொருட்களெல்லாம் அதில் குமிழ் குமிழாக இருக்கும். பலகைக்கான கணக்கு எளிது: வளையாத தன்மையின் கனமூலத்தை அடர்த்தியால் வகுக்க வேண்டும். அந்த எண் பெரிதாக இருக்கும் பொருள்தான் ஜெயிக்கும். ஸ்கேலை மேலே நகர்த்த நகர்த்த எஃகு முதலில் வெளியே போனது, பிறகு அலுமினியம், அப்புறம் தேக்கும் போனது. கடைசியில் மிஞ்சியது தெர்மாகோல்.

தெர்மாகோல் என்றால் எங்கள் கடற்கரையில் மீன் பெட்டிதான். பெற்ற தகப்பனைச் சீலா மீன் மாதிரி பார்சல் கட்டி அனுப்பச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். வரைபடம் சொல்கிறது, எனக்கென்ன என்றார். உப்புக் காற்று அதை ஒன்றும் செய்யாது, கறையானும் தின்னாது என்று வேறு அடுக்கினார்.

சனிக்கிழமை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். எத்தனை கிலோ சரக்கு என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். தொண்ணூறு கிலோ, ஒரே உருப்படி என்றார் அப்பா. பெரிய சூரை மீன் என்று நினைத்த அண்ணாச்சி, தலையை வெட்டிவிடலாமா என்றார். தலையோடுதான் வேண்டும் என்று அப்பா உறுதியாகச் சொன்னார். எனக்கு மானம் போனது. விஷயம் தெரிந்த பிறகும் அண்ணாச்சி அசரவில்லை. ஐஸ் வைப்பீர்களா, வைத்தால் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே தடிமனை மனக்கணக்காகப் போட்டேன். ஓர் அங்குலப் பலகை தாங்குகிற மாதிரி தாங்க, தெர்மாகோல் ஏறத்தாழ பத்து அங்குலம் வேண்டும். அப்படி ஒரு பெட்டியை இறக்கினால், அப்பாவுக்கென்று வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கல்லறையில் இருக்கும் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் எழுந்து வழிவிட வேண்டியிருக்கும். அதைச் சொன்னதும் அப்பா முகம் சுருங்கியது. அப்படியென்றால் மூங்கிலைப் பார்ப்போம் என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. தொண்ணூறு கிலோ ஆளை வைத்துக்கொண்டு பெட்டியில் அஞ்சு கிலோ மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது, வடையைக் குறைத்தாலே போதும் என்று பொரிந்து தள்ளினேன். யாராவது தூக்காமலா போய்விடுவார்கள் என்றேன்.

கார் ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஏளா, ஆம்பளைங்க எப்படியும் தூக்கிருவானுவ" என்றார் அப்பா. "எனக்கு ஒரு மூலையில நீ பிடிக்கணும். உன் தோளுக்குத் தக்கனதான் கணக்குப் போடச் சொன்னேன்."

எங்கள் ஊரில் அப்படி ஒரு பெண் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொல்லப் போனேன், அழுகைதான் வந்தது. காரை ஓரமாக நிறுத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் குடிதண்ணீர்க் கேன் ஒன்றைத் தோளில் ஏற்றி மொட்டை மாடியில் நடந்து பார்த்தேன். மூச்சு வாங்கியது. அப்பா எனக்குப் பின்னால், நாங்கள் பெண்கள் நடக்கும் இடத்தில், மெல்லப் பாடிக்கொண்டே வந்தார்.