ஐரொனிக்கலி என்று எழுதியதற்கு விளக்கம்

அறுபதுகளில் நெடுந்தீவு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நான் ரைப்பிஸ்ட். தீவுக்கும் கரைக்கும் ஓடிய மோட்டார்ப் படகான லோஞ்சின் எஞ்சின் பழுதாகி ஒன்றரை மாதம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தணிந்த நாளில் மட்டும் வள்ளம் போய்த் தபாலைக் கொண்டுவரும். அந்தக் கிழமை பிரசவ வலி எடுத்த ஒருத்தியை வள்ளத்தில் ஏற்றி, பாதிக் கடலில் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிள்ளை தப்பவில்லை.

அக்கரையிலிருந்த பெரிய கந்தோருக்கு எத்தனையோ கடிதம் போட்டாயிற்று. பதில் ஒன்றுதான்: எஞ்சினியர் நேரில் பார்த்த பிறகே சாமான் அனுப்பப்படும், லோஞ்ச் ஓடத் தொடங்கியதும் எஞ்சினியர் வருவார். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஆங்கிலக் கடிதத்தை நானே எழுதினேன். கடைசி வரி, முரண்நகையாக என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு, இது: "ஐரொனிக்கலி, லோஞ்சைத் திருத்த வரவேண்டியவர் அந்த லோஞ்சுக்காகவே காத்திருக்கிறார்."

தலைமைக் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, உந்தச் சொல்லை எடுத்துப்போட்டு அன்போச்சுனேட்லி எண்டு போடும். மேலிடத்தை நக்கலடிக்கிற மாதிரிக் கிடக்கு."

"துரதிர்ஷ்டம் எண்டு போட்டா ஒருத்தரிலையும் பிழையில்லை எண்டு வரும், சேர். புயலடிச்சா எழுதலாம். இது அவையளே போட்ட முடிச்சு."

"அப்ப மூலையிலை உம்மடை இனிஷியல் மட்டும் வரட்டும். கேள்வி வந்தா நீர்தான் பதில்."

"ஓம், வரட்டும்."

கடிதத்தின் இடது மூலையில் எழுதியவர், ரைப் பண்ணியவர் இருவரின் இனிஷியலும் சாய்கோடு போட்டு வருவது வழக்கம். கையெழுத்து கந்தோர்ப் பெரியவருடையது, அடி விழுவது அந்த மூலைக்கு. கோட்டின் இரண்டு பக்கமும் என் எழுத்தையே தட்டினேன்.

அந்தச் சொல்லுக்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஒழுக்காற்று நடவடிக்கை என்று பெரிய கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வள்ளம் அதைக் கொண்டுவந்து சேர்த்தது கடிதத் திகதியிலிருந்து பதினோராம் நாள்.

"மன்னிப்புக் கேட்டு எழுதும். வேலை போயிடும்," என்றார் தலைமைக் கிளாக்கர்.

என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. பயந்தேன். பயந்துகொண்டே தட்டினேன்: "ஐரொனிக்கலி, தாங்கள் தந்த கெடு முடிந்து நாலாம் நாள்தான் தங்கள் கடிதம் கிடைத்தது. லோஞ்ச் ஓடவில்லை."

மூன்று கிழமையில் எஞ்சினியர் வாடகை வள்ளத்தில் வந்து இறங்கினார். லோஞ்ச் ஓடியது. அதில் வந்த முதல் தபாலில் எனக்கு மன்னாருக்கு இடமாற்றம்.

இப்போது கந்தோர்களில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் மழை பெய்ததற்கும் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். ஒரு காரியத்துக்கென்று செய்த ஏற்பாடே அந்தக் காரியத்தைக் கெடுக்கும்போது போடுங்கள். என் மாற்றத்துக்கு அது பொருந்தாது. அது வெறும் பழிவாங்கல். அதற்கு அந்தப் பெயரையே எழுதவேண்டும்.

மன்னாரில் முதல் நாளே புதிய மேலதிகாரி என் பைலைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நீர்தானே அந்தச் சொல்லை எழுதின ஆள்?"

"ஓம், சேர். இஞ்சையும் தேவைப்பட்டா எழுதுவன்."