காதுகுத்தும் ப்ளக்இன் ஃபோல்டரும்

மகளுக்குக் காது குத்துவதை விருத்தாசலத்தில் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். கோயிலில் அவளுக்கு மொட்டை மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டோம். அவள் வயிற்றில் இருக்கும்போதே அவள் அப்பா சவுதிக்குப் போய்விட்டார். மகளை அவர் பார்த்ததே இல்லை. காதுகுத்தையாவது வீடியோவில் காட்டிவிட வேண்டும். எங்கள் போன்களில் அந்த வசதி கிடையாது. கல்லூரியில் எனக்குக் கொடுத்த இலவச லேப்டாப் இருந்தது. அதில் விண்டோஸ் வைரஸ் ஏறிப் படுத்துவிட்டதால் லினக்ஸ்தான் ஓடியது.

வீடியோ தெரிய பிரவுசருக்கு ஒரு ப்ளக்இன் வேண்டும். அந்தக் கோப்பை டவுன்லோடு செய்து ப்ளக்இன் ஃபோல்டரில் போட வேண்டும் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். அது எந்த ஃபோல்டர் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர் சிஸ்டத்தின் லிப் ஃபோல்டர் என்றார். இன்னொருவர் பிரவுசரின் ஃபோல்டர் என்றார். வேறொருவர், நம் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளி வைத்துத் தொடங்கும், சாதாரணமாகக் கண்ணில் படாத ஒன்று என்றார். நான் மூன்றிலும் போட்டேன். காதுகுத்துக்கு முந்தின நாள் ராத்திரி, மகள் தூங்கிய பிறகு கூப்பிட்டுப் பார்த்தேன். அவர் முகம் தெரிந்தது. "வூட்டுக்கு வெள்ளையடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரே கோப்பு மூன்று இடத்தில் கிடந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். கேஸை அணைத்துவிட்டு மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பேன். முறையான இடம் என்று தோன்றிய லிப் ஃபோல்டரில் மட்டும் வைத்துவிட்டு மற்ற இரண்டையும் அழித்தேன். நெட் தீர்ந்துவிடுமோ என்று திரும்ப அவரைக் கூப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மகள் என் அண்ணன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டார். திரையில் ப்ளக்இன் இல்லை என்று வந்தது.

"என்னம்மா, ஆவுதா ஆவலியா?" என்றார் மாமியார். அவர் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் அன்று சூளையைப் பிரித்துச் சரக்கை இறக்குகிறார்கள். அவருக்கு அரை நாள்தான் லீவு. "நல்ல நேரம் போவுதுல்ல."

"இதோ ஆயிடும் அத்தை."

"எந்தங்கச்சி கம்ப்யூட்டர் சயின்ஸுங்க," என்றார் அண்ணன். "அவ தொட்டா கம்ப்யூட்டருக்கே காய்ச்சல் வரும். ஆசாரி, நீங்க இன்னொரு டீ குடிங்க."

"போதும் தம்பி, வயிறு ஊதிப் போச்சு. பெண்ணாடத்துல இன்னொரு புள்ள மொட்டையோட ஒக்காந்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நிமிரவில்லை. மகள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். "இரு கண்ணு" என்றேனே தவிர எழுந்திருக்கவில்லை.

"குத்துங்க ஆசாரி," என்றார் மாமியார். சத்தமாவது மகனுக்குக் கேட்கட்டும் என்று போனைக் குழந்தையின் வாய்க்கு நேரே பிடித்தார்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் ஞாபகம் வந்தது. முகவரி அடிக்கும் இடத்தில் 'அபவுட் ப்ளக்இன்ஸ்' என்று அடித்தால், எதை எந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கிறது என்று பிரவுசரே காட்டும். படித்ததுதான். அடித்தேன். வேலை செய்துகொண்டிருந்த வேறொரு ப்ளக்இன் அந்தப் புள்ளி ஃபோல்டரில் இருந்தது. லிப் ஃபோல்டரிலிருந்து கோப்பை அங்கே நகலெடுத்து, பிரவுசரை மூடித் திறந்தேன். அவர் வந்தார்.

"வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று கத்தினேன்.

ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டு மற்றதைப் பிடித்திருந்தார். மாமியார் அவர் கையைத் தடுத்தார். "இருங்க ஆசாரி. புள்ள அழுவறது அடங்கட்டும். இந்தக் காதையாவது எம்புள்ள பாக்கட்டும்."

நான் கத்தாமல் இருந்திருந்தால் ஒரே அழுகையில் இரண்டு காதும் முடிந்திருக்கும். காத்திருந்தோம். வாழைப்பழம் கொடுத்ததும் அவள் தேம்பலோடு ஓய்ந்தாள். நான் லேப்டாப்பைத் தூக்கி அவள் காதுக்கு நேராகப் பிடித்தேன். ஆசாரியின் கை கிட்டே வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி படும் முன்பே அலறினாள். "ம்மா, ம்மா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். என் இரண்டு கையிலும் லேப்டாப் இருந்தது.

"முடிஞ்சிதுங்க. பாத்தீங்களா?" என்று திரையை என் பக்கம் திருப்பினேன்.

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "என்னால பாக்க முடியலம்மா," என்றார். "புள்ளைய எதுக்கு ரெண்டு வாட்டி அழ வச்சீங்க?"

"ஒனக்காவத்தான்டா அவ மெனக்கெட்டா," என்றார் மாமியார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குக் கை நீட்டினேன். அவள் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திரையில் அவர் துண்டை விலக்கி, "எங்க, புள்ள மூஞ்சியக் காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.