சைனா ரவுணில் கழுவிய அரிசியோடு ஓர் அம்மா

என் மகளின் கலியாணத்துக்காக மன்னாரிலிருந்து வந்த மச்சாள் றெஜினா, அதாவது என் அண்ணனின் மனைவி, மூன்று கிழமையாக ஸ்காபரோவை விட்டு வெளியே போகவில்லை. தேவாலயம், தமிழ்க் கடைகள், வெக்ஸ்போர்ட்டில் சொந்தக்காரர் வீடு, மறுபடி தேவாலயம். "நான் கனடாவுக்கு வந்தனானோ, வவுனியாவுக்கு வந்தனானோ தெரியேல்லை" என்று ஒருநாள் சொல்லியே விட்டார். அதனால் செப்டெம்பரில் எனக்கு வேலையில்லாத ஒரு சனிக்கிழமை, அவரைப் பழைய சைனா ரவுணுக்கு அழைத்துப்போனேன்.

அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு என் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. நான் பதினொரு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே எனது மாடியில் பாதிப்பேர் சீனர்கள். சாப்பாடு, தண்ணீர், நோவு, மெதுவாக என்று முப்பது கன்ரனீஸ் சொற்களாவது அவர்களிடமிருந்து பொறுக்கி வைத்திருக்கிறேன். அவர்களில் பலர் இளமையில் குடியிருந்த தெருக்களில் நான் ஒருமுறை கூட ஆறுதலாக நடந்து பார்த்ததில்லை. பதினொரு வருடம் என்பது வெட்கப்பட வேண்டிய கணக்குத்தான்.

வழி சுலபம். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் 9.05க்கு பஸ் எடுத்தோம். கெனடி நிலையத்தில் இறங்கி, இரண்டாம் இலக்க சப்வேயில் ஸ்பாடினா வரை அரை மணித்தியாலம். அந்த நிலையத்துக்குள்ளேயே தெற்கே போகும் ஸ்ட்ரீட்கார் நிற்கும். வெளியே வரத் தேவையில்லை. ஒருவருக்கு 3.30 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை மாறினாலும் அதே காசு. 10.20க்கு டன்டாஸ் சந்தியில் நின்றோம். கிட்டத்தட்ட இருபது கிலோமீற்றர்.

ஸ்பாடினா அகலமான வீதி. நடுவில் ஸ்ட்ரீட்கார் ஓடும், இரண்டு பக்கமும் கடைகள் நடைபாதையில் பாதியைப் பிடித்திருக்கும். பெட்டி பெட்டியாக றம்புட்டான், லோங்கன், முள்ளு முள்ளாகத் தூரியான். அதை வெட்டி வைத்திருந்த கடையை மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார். பாவற்காயைக் கண்டதும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். "உது எங்கட பாவக்காய்தான், மச்சாள். ஆனா ஆரோ இஸ்திரி போட்டு வைச்ச மாதிரிக் கிடக்குது." உண்மைதான், சீனப் பாவற்காய்க்கு முள் கூர்மையில்லை. றாத்தல் 2.49 டொலர். கடைக்காரி விலையைச் சொல்லாமல் கல்குலேற்றரில் அடித்துக் காட்டினா. மச்சாள் அதை வாங்கி 2.00 என்று அடித்துத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரி 2.49ஐ மறுபடி அடித்தா. இருவரும் சிரித்தார்கள், விலை அசையவில்லை, மச்சாள் ஒரு றாத்தல் வாங்கினார்.

நான் கடைகளை விட ஆட்களைத்தான் பார்த்தேன். பழக்கதோஷம். ஒரு கிழவர் தாமரைக்கிழங்கை ஒவ்வொன்றாகக் காதருகே தட்டிப் பார்த்தார். வாத்துகள் தொங்கும் கண்ணாடிக்குப் பின்னால் கத்தி ஓயாமல் கொத்தியது. பேக்கரியில் தேங்காய்ப்பூ வைத்த பணிஸ் இரண்டும் முட்டைக் களி நிரப்பிய ராட் இரண்டுமாக 8 டொலர் கொடுத்து வாங்கினோம். காசாகவே கொடுங்கள், சில கடைகளில் கார்ட் எடுக்கமாட்டார்கள்.

பதினொன்றரைக்குக் கிழக்கே ஒரு தெரு தள்ளி ஹியூரன் தெருவுக்குள் நுழைந்தோம். இங்கே வரும் அநேகர் ஸ்பாடினாவோடு திரும்பிவிடுவார்கள். அது பிழை. உள்ளேதான் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்: ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகள், முன்னால் பூவுக்குப் பதிலாகப் பந்தல், பந்தலில் நீற்றுப்பூசணி. காய் விழாமல் பழைய நைலோன் காலுறையில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மச்சாள் அதைப் படமெடுத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த அம்மாவைக் கண்டேன்.

எண்பது வயதுக்கு மேலே இருக்கும். வீட்டுச் செருப்பு, ஒரு கால் நீலம், மறு கால் சிவப்பு. ஜக்கற் பொத்தான்கள் ஒன்று தள்ளிப் பூட்டியிருந்தன. இரண்டு கையாலும் ரைஸ் குக்கரின் உள்சட்டியை ஏந்தியபடி டன்டாஸ் வீதியை நோக்கி நடந்தா. சட்டிக்குள் கழுவிய அரிசி. தண்ணீர் தளும்பிச் சிந்தியது. இருபது அடி நடந்தால் ஸ்ட்ரீட்கார் ஓடும் வீதி. பக்கத்தால் போனவர்கள் ஏதோ அயல்வீட்டுக்குக் கொண்டுபோகிறா என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் செருப்பைப் பார்த்ததுமே, மறதி நோயில் வீட்டை விட்டு வந்தவ என்று விளங்கிவிட்டது.

மச்சாள் என் கையைப் பிடித்தார். "எங்களுக்கேன் உந்த வில்லங்கம்? நான் விசிட் விசாவில வந்து நிக்கிறன். பொலிஸ் வந்தா முதல் என்னைத்தான் கேப்பாங்கள்."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். நீங்கள் றோட்டுப் பக்கமா வாங்கோ. அவ இறங்காமப் பாருங்கோ."

இப்படியானவர்களைப் பின்னாலிருந்து பிடிக்கக்கூடாது, மறிக்கவும் கூடாது. முன்னால் வந்து, முகத்தைக் காட்டி, அவர்கள் போகும் பக்கமே கொஞ்ச நேரம் கூட நடக்க வேண்டும். அப்படியே நடந்தேன். "போ போ, போ போ" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "பாவம் மச்சாள், வயசு போன மனுசியை ஏன் போ போ எண்டு கலைக்கிறியள்?"

"ஐயோ, போபோ எண்டா அவையின்ர பாசையில அம்மம்மா."

அந்த அம்மா நின்றா. நான் சாப்பிட்டாச்சா என்று கன்ரனீஸில் கேட்டேன். அவ நீளமாக ஏதோ சொன்னா. ஒரு சொல் கூடப் பிடிபடவில்லை. அது என் மாடியில் கேட்ட கன்ரனீஸ் இல்லை. ஆனால் கேள்வி அவவுக்கு விளங்கியிருக்க வேண்டும். சட்டியை எனக்குக் காட்டினா. இன்னும் சாப்பிடவில்லை, அடுப்பைத் தேடுகிறா. நான் வயிற்றைத் தடவி எனக்கும் பசி என்று காட்டினேன். அவவின் முழங்கையின் கீழே என் கையைக் கொடுத்து, பெரிய வட்டமாக நடந்து, டன்டாஸுக்கு முதுகு காட்டித் திருப்பினேன். வந்துவிட்டா.

ஆனால் எந்த வீடு? தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. பத்து நிமிடம் பார்ப்பது, இல்லாவிட்டால் அவசர உதவிக்கு 911 அடிப்பது என்று மச்சாளிடம் சொன்னேன்.

"பத்து நிமிசம் தேவையில்லை" என்றார் மச்சாள். குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க பாருங்கோ, தண்ணி."

நல்ல வெயில். காய்ந்த கொங்கிறீற்றில் அரிசித் தண்ணீர் வெள்ளையாகச் சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது. சில இடத்தில் நாலைந்து அரிசியும் கிடந்தது. பயந்து நின்ற மச்சாள் இப்போது முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். சொட்டுகள் ஒரு பின்சந்துக்குள் திரும்பின. பாதி தூரத்தில் காய்ந்து மறைந்துவிட்டன. அங்கே நின்று யோசிக்க முன்னம், கீ கீ என்று புகை அலாரம் கேட்டது. திறந்த பின்கதவு ஒன்றிலிருந்து புகை மெல்ல வந்தது.

அந்நியர் வீட்டுக்குள் போகாதீர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதுவேன். நான் அந்த அம்மாவை விட்டு நகர முடியாமல் போனை எடுத்தேன். அதற்குள் மச்சாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இருபது விநாடியில் ஜன்னல் திறந்தது. "சூப் அடிப்பிடிச்சுக் கரியாப் போச்சு. வேறை ஒண்டும் இல்லை. அடுப்பை நூத்திட்டன்" என்று குரல் வந்தது. நான் 911ஐ அடிக்கவில்லை.

அப்போதுதான் சந்தின் மறுமுனையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் வெங்காயத்தாள். தன் சமையலறை ஜன்னலில் சேலைத்துணிப் பிளவுஸும் வெள்ளிச் சிலுவையுமாக ஓர் அந்நியப் பெண் நிற்பதைக் கண்டு உறைந்துபோனார். "நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு என் கையைப் பிடித்து நின்ற தாயைக் கண்டார். வெங்காயத்தாளை நிலத்தில் போட்டுவிட்டுத் தாயின் செருப்பைத்தான் முதலில் பார்த்தார்.

அவருடைய பெயர் ஹென்றி. பத்து நிமிடம் கடைக்குப் போனாராம். திரும்பி வர அம்மா இல்லை. அடுப்பைக் கவனிக்காமல் ஓடி, தெருவின் வடக்குப் பக்கம் முழுக்கத் தேடியிருக்கிறார். அம்மா பேசுவது தோய்சான் என்ற வேறொரு சீனப் பேச்சு, கன்ரனீஸ் ஓரளவுதான் விளங்கும் என்றார். கதவுக்கு அலாரம் பூட்டலாம், கையில் விலாசம் பொறித்த காப்புப் போடலாம் என்று என் வேலைப் புத்தியில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் போனில் எழுதினார். இரண்டு தரம் அழித்தெழுதினார்.

சமையலறைக்குள் வந்த பிறகும் சட்டியை மட்டும் அம்மா மகனிடம் கொடுக்கவில்லை. என்னிடமும் தரவில்லை. கடைசியில் மச்சாளிடம் நீட்டினா. மச்சாள் அதை வாங்கி, சிந்தினது போக மிஞ்சிய அரிசிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குக்கரில் வைத்தார். அம்மா பக்கத்தில் வந்து, விரலை அரிசியில் முட்டக் குத்தி, தண்ணீர் விரலின் எந்த வரையில் நிற்கிறதென்று பார்த்தா. தலையை ஆட்டிவிட்டுக் கொஞ்சத்தைச் சரித்து ஊற்றினா.

"மனுசிக்கு எல்லாம் தெரியுது" என்றார் மச்சாள்.

ஹென்றி எங்களைப் போக விடவில்லை. சோறும், மச்சாள் பையில் இருந்த பாவற்காயைக் கறுத்த அவரைப் பசையோடு வதக்கியதும், கருவாடும். ஒன்றரை மணிக்குத்தான் வெளிக்கிட்டோம். சீனக் கருவாடு எங்கள் கருவாட்டை விட உப்பு என்பது மச்சாளின் தீர்ப்பு.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காரில் போகாதீர்கள், நிறுத்தவே அரை நாள் போகும். சனிக்கிழமை பத்து மணிக்கு முன் போனால் பெட்டி இறக்குவதைப் பார்க்கலாம், பன்னிரண்டுக்குப் பிறகு நடக்க இடமிராது. கழிவறைக்குக் கொலேஜ் வீதியில் நூலகம் இருக்கிறது. ஆட்களைப் படமெடுக்கு முன் கேளுங்கள். பின்தெருக்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வீட்டுச் செருப்போடு தனியாக நடக்கும் வயதானவரைக் கண்டால், அது சைனா ரவுணோ எங்கள் ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டோ, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிழையாக நினைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது மன்னாரிலிருந்து அண்ணன் அழைத்தார். ரொறன்ரோவில் என்ன பார்த்தாய் என்று மச்சாளைக் கேட்டார். கோபுரம், ஏரி ஏதாவது சொல்வார் என்று நானும் காத்திருந்தேன்.

"ஒரு வீட்டில சோறு வைச்சனான்" என்றார் மச்சாள். "அந்த அம்மா ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவ."