ஆம்புலன்ஸ் என்று நான் படித்த வார்த்தை

அம்மாவின் கேஸ் ஷீட்டில் இருந்த ஒரே ஒரு வார்த்தை எங்கள் அப்பாவை அழவைத்துவிட்டது!

தொண்ணூறுகளின் கடைசி. நான் காலேஜ் முதல் வருஷம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். (அப்படி எல்லோரும் நம்பினார்கள்!)

டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் அப்பா ஷீட்டை நீட்டினார்.

"இன்னாம்மா எழுதிக்கிறாரு?"

'ஆம்புல' வரைக்கும் புரிந்தது. அதற்கப்புறம் வெறும் கிறுக்கல்.

"ஆம்புலன்ஸ்னு போட்டிருக்குதுப்பா. மெட்ராஸுக்குக் கொண்டு போகச் சொல்றாரு போல."

(மெட்ராஸ் என்றது முழுக்க என் சொந்தச் சரக்கு!)

அப்பா உடனே எஸ்டிடி பூத்துக்கு ஓடி, மெட்ராஸ் சித்தப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். அம்மாவின் டம்ளர், புடவை எல்லாவற்றையும் கூடையில் அடுக்கினார். நடுநடுவே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா நல்ல தூக்கத்தில் இருந்தார்.

அப்போது எஸ்தர் சிஸ்டர் உள்ளே வந்தார். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற நர்ஸ்.

"எங்க கெளம்பிக்கினு இருக்கீங்க?"

"ஆம்புலன்ஸ் எப்ப வரும் சிஸ்டர்?"

சிஸ்டர் ஷீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஐயோ, இது ஆம்புலேட்! இன்னிக்கே எழுப்பி நடக்க வைக்கணும்னு எழுதிக்கிறாரு. அவங்க நல்லா இருக்காங்கப்பா!"

அப்பா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

எங்கே போய் ஒளிவதென்று எனக்குத் தெரியவில்லை.

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"பாப்பாவைத் திட்டாதீங்க. ரெண்டும் ஒரே வார்த்தையிலேர்ந்து வந்ததுதான். லத்தீன்ல நடக்கிறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல பட்டாளம் சண்டைக்குப் போனா கூடவே ஒரு ஆஸ்பத்திரியும் போவுமாம். பிரெஞ்சுக்காரங்க அதை 'நடக்கிற ஆஸ்பத்திரி'ன்னாங்க. அதுலேர்ந்துதான் ஆம்புலன்ஸ். பாப்பா பாதி கரெக்டாத்தான் படிச்சிருக்குது!"

அப்பா கண்ணீரோடு சிரித்துவிட்டார்.

அம்மாவை எழுப்பினோம். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். ஜன்னல் வரைக்கும் போவதற்குள், "போதும், வலிக்குது" என்றார் அம்மா.

"நட, நட. இல்லன்னா உன் பொண்ணு உன்னை மெட்ராஸுக்கு அனுப்பிடுவா!" என்றார் அப்பா.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். என் மானத்தைக் காப்பாற்ற சிஸ்டர் அங்கேயே கட்டிய கதையோ?

காலேஜ் லைப்ரரியில் பெரிய அகராதியைப் புரட்டினேன். லத்தீன், பிரெஞ்சு, பட்டாளத்தோடு போன ஆஸ்பத்திரி, எல்லாமே இருந்தது! ஆற அமர நடப்பதைச் சொல்லும் 'ஆம்பிள்' கூட அதே குடும்பமாம்.

தையல் பிரிக்கப் போன அன்று சிஸ்டரிடம் ஓடினேன்.

"சிஸ்டர், நீங்க சொன்னது நிஜமாவே அகராதியில இருக்குது!"

"பின்ன? நான் பொய் சொன்னேன்னா நெனச்சே?"

அன்றைக்கு அசடு வழிந்ததில் நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இதைக் காட்டுங்கள். அம்மா இன்றைக்கும் காமாட்சி கோயிலுக்கு நடந்தேதான் போய் வருகிறார். ரொம்ப நன்றி, சிஸ்டர்!