தொடையெலும்பு

கெலாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து சுண்ணாம்புதான். அப்பன் சுமந்தான், பிறகு அவன் சுமந்தான். குன்றின் உச்சியில் பிரபுவின் வீட்டுச் சுவர்கள் வெள்ளையாக நின்றதற்கு அவன் தோள்கள் வெந்து போயின. உடம்பில் கற்றாழை நார்த்துணி. பருத்தி கட்டினால் அடி. மான் கறி தின்றால் அடி. இரண்டும் பிரபு வீட்டாருக்கு மட்டும். கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் பிரபு வீட்டைச் சரிவு வரை நீட்டினார். கெலாவின் குடிசை அதற்குள் அகப்பட்டது. காலி செய்யச் சொல்லிக் காரியக்காரர் ஓபா காவலர்களோடு வந்து நின்றார்.

"அய்யா, தரைக்குக் கீழ எங்கப்பனப் பொதைச்சிருக்கோம். எலும்ப எடுத்துக்கிட்டுப் போயிடறோம்."

"கெடக்கட்டும் விடுடா. பிரபு வீட்டுக்கு அடியில படுக்க எவனுக்குக் குடுத்து வச்சிருக்கு?" காவலர்கள் சிரித்தார்கள். "பிரபுவோட அப்பா செத்தும் மேகமாகி மழை கொண்டாராரு. உங்கப்பன் என்னத்தக் கொண்டாருவான், சுண்ணாம்பா?"

கெலா கழியால் தரையைக் குத்திக் குழி தோண்டி உள்ளே இறங்கினான். மனைவி நீசா பாயை விரித்து எலும்புகளை வாங்கி அடுக்கினாள்.

"மெதுவா. மாமாவுக்கு முட்டிவலி உண்டு," என்றாள். இருவரும் சிரிக்கவில்லை.

பிறகு நீளமான ஒன்று வந்தது. ஒரு கையால் குழியின் விளிம்பைப் பிடிக்க வேண்டியிருந்ததால், மறுகையில் அதை நிமிர்த்திப் பிடித்தபடி மேலே ஏறினான். காவலர்களின் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்தக் குன்றில் தகப்பனின் தொடையெலும்பைக் கையில் ஏந்துகிறவர் பிரபு ஒருவர்தான். பட்டத்துக்கு வரும் நாளில், இந்த மண் என் அப்பன் வழி வந்தது என்று ஊருக்குக் காட்டும் அடையாளம் அது.

ஓபாவின் முகம் வெளிறியது. "கீழ போடுடா."

"பாயில வைக்கத்தான்யா..."

"கையில புடிக்காத. அதப் புடிக்க நீ யாருடா?"

அப்போதுதான் கெலாவுக்கு உறைத்தது. நார்த்துணி கட்டியவன் கையில் ஓர் எலும்பு இருந்ததற்கே இவர்கள் பயப்படுகிறார்கள். பாயை நோக்கித் தாழ்ந்த கையை மறுபடி உயர்த்தினான்.

"இவரு மகன்," என்றான். "இது இவரு தரை."

காவலர்கள் பாய்ந்தார்கள். கையை முறுக்கினார்கள், முகத்தை மண்ணில் தேய்த்தார்கள், எலும்பைப் பிடுங்கி ஓபாவிடம் கொடுத்தார்கள். அவர் அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றார்.

நீசா குழிக்குள் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கையால் துழாவினாள், மேலே வந்தாள், ஓர் எலும்பை நிமிர்த்திப் பிடித்தாள்.

"இன்னொரு காலும் இருக்குதுங்கய்யா," என்றாள்.