வௌவாலுக்குத் திருஷ்டி கழித்த மாயாண்டி

மலாயாவில் பத்து காஜாவுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக் குன்றுகளின் காலடியில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், மாயாண்டியைப் போலப் பால் வெட்டத் தெரியாதவன் இன்னொருவன் கிடையாது. உளியை மரத்துக்குள் இறக்காமல் பட்டையோடு நிறுத்த அவனுக்கு வராது. அவன் வெட்டிய வரிசையைப் பார்த்தால் மரங்களுக்கெல்லாம் அம்மை போட்டுவிட்டதோ என்று தோன்றும். பாதி வரிசையை வெட்டிவிட்டு மீதியைப் பக்கத்து வீட்டு உடையப்பன் தலையில் கட்டிவிடுவான். உடையப்பன் வெட்டினால் வெட்டியது மரத்துக்கே தெரியாது. அந்த நேரத்தில் மாயாண்டி குன்றின் குகைக்குள் போய்த் துண்டை விரித்துத் தூங்குவான். வௌவால் நாற்றத்துக்குப் பயந்து, வேலையை மேற்பார்க்கும் தண்டல் உள்ளே தேடி வரமாட்டார். சோம்பேறித்தனத்துக்கும் கொஞ்சம் மூளை வேண்டுமே.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் 1921இல், பெரிய சண்டை முடிந்து மூன்றாம் வருஷம், ரப்பர் விலை தரைதட்டியது. பாதித் தோட்டத்தில் வெட்டு நின்றது. ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்தைப் பூட்டினார்கள். கப்பலில் இடம் கிடைத்ததும் பதினெட்டுப் பேரை ஊருக்கு அனுப்ப லிஸ்டு தயாரானது. அதில் முதல் பெயர் மாயாண்டி.

மற்றவர்களுக்காவது ஊரில் ஒரு குடிசை இருந்தது. மாயாண்டிக்கு இருந்ததெல்லாம் மனைவி வீரம்மாளின் அண்ணன்மார் மூன்று பேர், ஆளுக்கோர் அரிவாள். சாதி விட்டுச் சாதி அவளைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் கோபம் தணிந்ததாக ஒரு தகவலும் வந்ததில்லை. திரும்பிப் போனால் கரை இறங்கிய வாரமே இரண்டு பேருக்கும் கருமாதிதான்.

கெஞ்சிப் பார்க்கலாம் என்று ஆபீசுக்குப் போனான். கணக்கு எழுதும் கிராணி அப்பாவு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"உன் பேரு கெடக்கட்டும் மாயாண்டி. புதுக் காட்டு ரப்பர்க் கன்னுக்கு உரம் வரலன்னு தொர என்னைக் கொல்றாரு."

"ஏன் வரல?"

"கடல்ல ஒரு தீவு இருக்குலா. பறவ எச்சமெல்லாம் கல்லாப் போயிக் கெடக்காம். அதை இடிச்சுப் பொடி பண்ணித்தான் நமக்கு வரும். ஒலகத்துல அந்த மாதிரிக் கல்லு ஏதோ நாலு எடத்துலதான் இருக்குன்றாங்க. எல்லா நாட்டுக்காரனும் அதுக்கு அடிச்சிக்கிறான். நம்ம ரப்பர் விக்கிற வெலைக்கு எவன் நமக்குக் குடுப்பான்?"

மாயாண்டிக்குக் குகை ஞாபகம் வந்தது.

"எச்சம்னா, வவ்வா போட்டது ஆவாதா கிராணியாரே?"

மறுநாள் ஒரு மூட்டையோடு துரைக்கு முன்னால் நின்றான். துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பைத் தோட்டம் மூன்று மாதமாகப் பார்த்ததில்லை.

"வாரம் பன்னெண்டு மூட்ட," என்றார் தம் தோட்டத்துத் தமிழில். "சரியா வந்தா உன் பேரு லிஸ்டுல இல்ல. கொறைஞ்சா கப்பல்."

அன்றிலிருந்து மாயாண்டியின் நடையே மாறிப்போனது. காலைப் பெரட்டில் எல்லோரும் பெயர் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது இவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் குன்றுப் பக்கம் நடப்பான். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து, நெஞ்சு உயரத்துக்குக் கறுப்பாய்க் கிடந்தது எச்சம். வெட்டு, மூட்டை கட்டு, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் 'என் வௌவால்' என்று பேச ஆரம்பித்துவிட்டான். தீபாவளிக்குக் குன்றுப் பக்கம் யாரும் வெடி வெடிக்கக் கூடாது என்று தடை போட்டதும் அவன்தான்.

அப்பாவு கிராணி ஒருநாள் குகை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாயாண்டி, இதுங்க ஒரு நாளைக்குப் போடுறது ஒரு கூடைதான். நீ வாரத்துக்குப் பன்னெண்டு மூட்ட வெட்டுற. குந்தித் தின்னா குன்றும் மாளும்னு கேட்டதில்லையா?"

"நான் எங்க குந்தித் திங்கிறேன்? நின்னுக்கிட்டுல வெட்டுறேன்," என்றான் மாயாண்டி.

மூன்றாம் மாதம் மண்வெட்டி 'டங்' என்றது. பாறை. இந்தப் பக்கம் வெட்டினான், பாறை. அந்தப் பக்கம் வெட்டினான், அதுவும் பாறை. வேறொருவன் என்றால் கணக்குப் போட்டிருப்பான். மாயாண்டி எந்தக் கணக்குக்கும் போனதில்லை. போன வாரம் காய்கறித் தோட்டக்காரச் சீனன் ஆ கியோங் குகைக்குள் எட்டிப் பார்த்து, கூரையெல்லாம் தொங்கியவற்றை வாய் பிளந்து பார்த்து, "வா, பாஞ்ஞா பாகுஸ்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. ரொம்ப நல்லது என்று வாய் நிறையச் சொன்னால் எது உருப்படும்?

"கண்ணு பட்டிருச்சு வீரம்மா. நல்லாப் போட்டுக்கிட்டிருந்த சீவனுங்க. சுத்திப் போடணும்."

வீரம்மாளுக்கும் அது நியாயமாகவே பட்டது. அளவில்தான் சந்தேகம். ஒரு பிள்ளைக்குச் சுற்ற ஏழு மிளகாய் என்றால், இத்தனை ஆயிரம் உருப்படிக்கு எத்தனை? கடைசியில் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய நெருப்பு, ஒரு முறம் காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு, வேப்பிலை, கட்டி கட்டியாகச் சாம்பிராணி. உடையப்பன் தன் வீட்டு மிளகாயையும் சேர்த்துக் கொடுத்தான். வௌவால்கள் கூரையில் தொங்கியதால் அவற்றைச் சுற்ற முடியாது. குகையையே உள்ளுக்குள் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நட்ட நடுவில் டின்னை வைத்து, மிளகாயைக் கொட்டினார்கள்.

நெடி என்றால் அப்படி ஒரு நெடி. மாயாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினான். வீரம்மா உட்கார்ந்தே விட்டாள். அந்த இருமலுக்கு நடுவே அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"கண்ணு பட்டிருந்தா நெடி வராதுய்யா. இந்த நெடி நெடிக்குதே. அதுங்களுக்குக் கண்ணே படல."

அவள் சொல்லி முடிக்கவும் கூரை கழன்றது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அத்தனை வௌவாலும் ஒரே கறுப்பாகக் குகையை விட்டுக் கிளம்பித் தோட்டத்துக்கு மேலே போயின. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் மழை என்று நினைத்துக் கொடியில் கிடந்த துணியை எடுத்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்குகூட மிஞ்சவில்லை.

மூன்று நாள் ஒன்றும் திரும்பவில்லை. வீரம்மா இரண்டு சீலையையும் சட்டியையும் மூட்டையாகக் கட்டினாள். மாயாண்டி அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தான்.

சனிக்கிழமை துரை கூப்பிட்டனுப்பினார். பூட்டிக் கிடந்த புகைக்கூடத்தின் முன்னால் முகம் சிவந்து நின்றார். புகை போகும் இடுக்கு வழியே நுழைந்து, உள்ளே கூரை முழுக்க வௌவால். சிமெண்டுத் தரை முழுக்க எச்சம்.

"யாரு வேல இது?" என்றார் துரை.

கிராணி அப்பாவு அன்றைக்கு எந்தச் சாமி புண்ணியத்திலோ முந்திக்கொண்டார்.

"மாயாண்டிதான் தொர. கொகையில உரம் தீந்திருச்சு. அதான் மந்தையையே இங்க ஓட்டிட்டு வந்துட்டான்."

துரை தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ரப்பர் இனி எப்போது உலரப்போகிறது என்று எண்ணினாரோ என்னவோ, முகத்துச் சிவப்பு மெல்ல இறங்கியது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு கூடை தொர," என்றான் மாயாண்டி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான கணக்கைச் சொன்னான்.

"நாத்துக்கு மட்டும் போடு. தெனம் கூட்டு. ஒண்ணுகூட ஓடக் கூடாது. கப்பல் உனக்கு இல்ல."

மாயாண்டி லயத்துக்கு ஓடினான். வீரம்மா கேட்டுவிட்டு, கட்டிய மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு சிரித்தாள். அந்த ஏழு வருஷத்தில் அப்படி ஒரு சந்தோஷம் அவர்களுக்கு வாய்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விடியலில் பத்து காஜா ஸ்டேஷனுக்குப் போக மாட்டுவண்டிகள் வந்து நின்றன. போகிறவர்களை வழியனுப்ப மாயாண்டியும் போனான். இரண்டாவது வண்டியில் உடையப்பன் உட்கார்ந்திருந்தான்.

"உடையண்ணே, நீங்க எங்க?"

பதிலை அப்பாவு கிராணிதான் சொன்னார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பதினெட்டுப் பேருன்னு மேல எழுதிக் குடுத்தாச்சுலா. உன் பேர எடுத்தா ஒரு ஆளு கொறையுது. வெட்டு நின்ன எடத்துல வெட்டுக்காரன் எதுக்குன்னு தொர கேட்டாரு."

உடையப்பன் இடுப்பிலிருந்து தன் உளியை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"ஊர்ல எனக்கு ஏது ரப்பர் மரம். நீ வச்சுக்க," என்றான். "பட்டையோட நிறுத்தப் பழகு, தம்பி. வவ்வாலை நம்பி எத்தன நாளைக்கு இருப்ப?"